எளிய அணியும் இங்கிலாந்துப் பயணமும்

2025ஆம் ஆண்டு மே மாதத்தில் ஜிம்பாப்வே அணி இங்கிலாந்து சென்று, நாட்டிங்காமில் ஒரே ஒரு டெஸ்ட் ஆட்டம் ஆடியது. நான்கு நாட்களுக்கென வகுத்த ஆட்டம் மூன்றாம் நாளே முடிந்துவிட்டது. இங்கிலாந்து 6 விக்கெட்டுக்கு 565 ஓட்டங்கள் எடுத்து நிறுத்திக்கொண்டது. ஜிம்பாப்வே 265, 255 என இருமுறை ஆடியும் அத்தொகையை எட்டவில்லை. ஓர் இன்னிங்சும் 45 ஓட்டங்களும் பின்தங்கித் தோற்றது. அந்த மண்ணில் இருபத்திரண்டு ஆண்டுகளுக்குப்பின் அவர்களுக்குக் கிடைத்த டெஸ்ட் அது.

சந்தாபுராவில் மாலைத் தேநீருக்குக் கூடும் நம் தமிழ் மாணவர்களிடையே இதையொட்டி எழுந்த வாதம் எளிதில் ஓய்வதாக இல்லை. அவ்வாதத்தைக் கூர்ந்து கேட்டால் அதில் மூன்று கட்சிகள் இருப்பது புலப்படும். "இத்தகைய அணிகளை அங்கே அழைப்பதே வீண், அவர்கள் தம்மை ஒத்தவர்களோடு ஆடட்டும்" என்பது முதற் கட்சி. "1971இல் நம்மவர் வெல்லவில்லையா? அன்று நாமும் எளிய அணிதானே?" என்பது இரண்டாம் கட்சி. "அது வெறும் நற்பேறு; மழை காத்தது. 1974இல் சாயம் வெளுத்துவிட்டதே!" என்பது மூன்றாம் கட்சி.

மூன்றிலும் உண்மை சிறிது உண்டு. முழு உண்மை எதிலும் இல்லை. எளிய அணி ஒன்று இங்கிலாந்தில் எப்போது வெல்கிறது, எதனால் வெல்கிறது என்பதைக் கணக்கும் காரணமும் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். 1971ஆம் ஆண்டுப் பயணத்தையே அதற்கு நடுநாயகமாகக் கொள்வோம்.

பத்தொன்பது ஆட்டங்கள்

கிரிக்கெட்டில் அவ்வளவாகப் பழக்கமில்லாத நண்பர்களுக்காக ஒன்றை முதலிற் சொல்லிவிடுதல் நலம். டெஸ்ட் ஆட்டத்தில் வெல்வதற்கு ஓட்டங்கள் குவித்தால் மட்டும் போதாது. எதிரணி தானே ஆட்டத்தை நிறுத்திக்கொண்டாலன்றி, அதன் இருபது விக்கெட்டுகளையும் வீழ்த்தியாக வேண்டும். ஐந்து நாட்களுக்குள் அது நடவாவிட்டால் வெற்றி தோல்வியின்றி ஆட்டம் முடிந்துவிடும். ஆகவே எளிய அணி ஒன்று தோல்வியைத் தவிர்ப்பது ஒரு கலை. வெற்றி பெறுவது வேறொரு கலை.

1932ஆம் ஆண்டு சி. கே. நாயுடுவின் தலைமையில் இந்தியா லார்ட்ஸ் மைதானத்தில் முதல் டெஸ்ட் ஆடித் தோற்றது. 1936இல் மூன்று ஆட்டங்களில் இரண்டு தோல்வி. 1946இல் மூன்றில் ஒன்று. 1952இல் நான்கில் மூன்று. அவ்வாண்டு லீட்ஸ் நகரில் நம் இரண்டாம் இன்னிங்சின் முதல் நான்கு விக்கெட்டுகள் ஓர் ஓட்டமும் எடுக்குமுன்பே விழுந்தன. 1959இல் ஐந்து ஆட்டங்களில் ஐந்தும் தோல்வி. 1967இல் மூன்றில் மூன்றும் தோல்வி. கூட்டிப் பாருங்கள்: ஆறு பயணங்கள், 19 டெஸ்டுகள், 15 தோல்விகள், வெற்றி ஒன்றுகூட இல்லை.

1971இன் தொடக்கத்தில் ஒருவர் இக்கணக்கை மட்டும் கையில் வைத்துக்கொண்டு வாதாடியிருந்தால், இந்தியா வெல்லும் என்று சொன்னவரை நகைத்திருப்பார். எதிரே நின்ற இங்கிலாந்தோ ரே இல்லிங்வொர்த் தலைமையில் ஆஸ்திரேலியா சென்று ஆஷஸ் தொடரை வென்று திரும்பிய அணி. பல ஆண்டுகளாகத் தோல்வியே காணாதது. அத்தொடரின் முடிவில் அதன் தோல்வியற்ற ஓட்டம் 19 டெஸ்டுகள் வரை நீண்டிருந்தது.

அங்கே பந்து ஏன் வளைகிறது?

நம் மட்டையாளர்கள் இங்கிலாந்தில் தடுமாறியதற்கு அச்சமே காரணம் என்று அக்காலத்தில் பலர் எழுதினர். அச்சம் ஒரு பகுதிதான். பெரும்பகுதிக் காரணம் காற்றிலும் மண்ணிலும் இருக்கிறது.

கிரிக்கெட் பந்தின் நடுவே ஓடும் தையல் சற்றுப் புடைத்து நிற்கும். வீச்சாளர் தையலை ஒரு பக்கமாகச் சாய்த்து வீசும்போது, அப்பக்கத்தில் பந்தை ஒட்டிச் செல்லும் மெல்லிய காற்றுப்படலம் தையலில் தடுக்கிக் கொந்தளிக்கிறது. கொந்தளிக்கும் படலம் பந்தின் மேற்பரப்பை விட்டுப் பிரியச் சற்று நேரமாகும். மறுபக்கத்து வழவழப்பில் அமைதியாகச் செல்லும் படலமோ முன்னதாகவே பிரிந்துவிடும். இதனால் பந்துக்குப் பின்னே செல்லும் காற்று ஒருபுறமாகத் தள்ளப்படுகிறது. அதற்கு எதிர்வினையாகப் பந்து தையல் சாய்ந்த திசையில் வளைகிறது. இதுவே 'ஸ்விங்' எனப்படுவது. வழவழப்பு நீடிக்கும் வரையில் இந்த வளைவும் நீடிக்கும். இங்கிலாந்தில் வழங்கும் டியூக்ஸ் பந்து கையால் தைக்கப்படுவது. தையல் நன்கு எழும்பி நிற்கும். பசும்புல் நிறைந்த மைதானத்தில் உருளும் பந்து, நம் ஊர்க் கட்டாந்தரையில் தேய்வதுபோல் விரைந்து தேய்வதுமில்லை.

காற்றின் ஈரப்பதமே பந்தை வளைக்கிறது என்ற பழைய நம்பிக்கைக்குச் சோதனைக்கூடத்தில் உறுதியான சான்று கிடைக்கவில்லை. ஆனால் மண்ணின் ஈரத்தைப் பற்றி ஐயமில்லை. மே, ஜூன் மாதங்களில் அங்கே ஆடுகளம் குளிர்ந்து, ஈரம் காத்து, புல் விட்டிருக்கும். அதில் தையல் பட்டு எழும் பந்து எப்பக்கம் விலகும் என்பது முன்கூட்டித் தெரியாது. ஆகஸ்டு வரும்போது வெயில் பட்டுப் பட்டு ஆடுகளம் காய்ந்திருக்கும், மேற்பரப்பு தேயும், சுழற்பந்து மண்ணைப் பற்றித் திரும்பும். ஒரே நாடு, ஒரே மைதானம் ஆயினும் ஜூனில் அது வேகப்பந்து வீச்சாளருக்குத் துணை. ஆகஸ்டில் சுழற்பந்து வீச்சாளரும் பங்கு கேட்கலாம்.

மட்டையாளரும் ஆட்டத்தை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. பந்தை நோக்கி மட்டையை நீட்டி அடித்துப் பழகியவர், அங்கே பந்து தன் கண்ணுக்குக் கீழே வரும்வரை பொறுத்து ஆடப் பழக வேண்டும். கைக்கும் காலுக்கும் இப்பழக்கம் ஓரிரு நாளில் வாராது, வாரங்கள் வேண்டும்.

1971: மூன்று ஆயத்தங்கள்

அவ்வாண்டு இந்திய அணியிடம் மூன்று மாறுதல்களைக் காண்கிறோம்.

முதலாவது, தன்னம்பிக்கை. பட்டோடிக்குப் பதிலாகத் தலைவராக வந்த அஜித் வாடேகர், அவ்வாண்டின் முற்பகுதியிலேயே மேற்கிந்தியத் தீவுகளில் 1-0 என்று தொடரை வென்றிருந்தார். அத்தொடரில்தான் சுனில் கவாஸ்கர் என்ற இளைஞர் 774 ஓட்டங்கள் குவித்தார்.

இரண்டாவது, காலம். அவ்வாண்டுக் கோடையின் முற்பாதியில் இங்கிலாந்து பாகிஸ்தானோடு ஆடியது, பிற்பாதி இந்தியாவுக்கு. ஜூன் மாதத்திலேயே அங்கு வந்திறங்கிய நம்மவர் கவுண்டி அணிகளோடு ஏறத்தாழ ஒரு மாதம் ஆடிப் பழகிய பின்னரே, ஜூலை 22ஆம் நாள் முதல் டெஸ்டில் இறங்கினர்.

மூன்றாவது, நம் பெங்களூரைச் சேர்ந்த பி. எஸ். சந்திரசேகர். மைசூரிற் பிறந்து, ஆறு வயதளவில் இளம்பிள்ளை வாதத்தால் வலக்கை மெலிந்தவர் அவர். பந்தை எடுத்து எறிவது இடக்கையால். ஆனால் வீசுவதோ அந்த மெலிந்த வலக்கையால். சுழற்பந்து வீச்சாளர்களில் அவரளவு வேகம் உடையவர் அரியர். காயமும் விபத்தும் தொடர்ந்ததால் 1968க்குப்பின் மூன்றாண்டுகளுக்கும் மேலாக அவர் டெஸ்ட் ஆடவில்லை. மேற்கிந்தியத் தீவுப் பயணத்திலும் அவருக்கு இடமில்லை. இங்கிலாந்துக்கு மட்டும் அவரை அனுப்பத் தேர்வாளர்கள் துணிந்தனர்.

தொடர் நடந்த விதம்

லார்ட்ஸ் ஆட்டத்தில் இங்கிலாந்து 304, இந்தியா 313. இரண்டாம் முறை இங்கிலாந்து 191க்குச் சுருண்டது, சென்னையின் எஸ். வெங்கட்ராகவன் 52 ஓட்டங்கள் கொடுத்து 4 விக்கெட் வீழ்த்தினார். 183 எடுத்தால் வெற்றி என்ற நிலையில் இந்தியா 8 விக்கெட்டுக்கு 145 எடுத்திருந்தபோது மழை வந்து ஆட்டத்தை முடித்தது. இன்னும் வேண்டியது 38 ஓட்டங்கள். கையிலிருந்தவை இரண்டு விக்கெட்டுகள்.

மான்செஸ்டரில் ஆகஸ்டு 5ஆம் நாள் தொடங்கிய இரண்டாம் டெஸ்டில் நம் நிலை தாழ்ந்தது. 420 ஓட்டங்கள் என்ற இலக்கை நோக்கி ஆடிய இந்தியா 3 விக்கெட்டுக்கு 65 எடுத்திருந்தது. இறுதி நாள் முழுவதையும் மழை கொண்டுபோயிற்று.

மூன்றாம் டெஸ்ட், ஆகஸ்டு 19 முதல் 24 வரை, இலண்டன் ஓவல் மைதானத்தில். இங்கிலாந்து 355 எடுத்தது. இரண்டாம் நாள் மழையில் போயிற்று. இந்தியா 284, அதாவது 71 ஓட்டங்கள் பின்தங்கல். இந்நிலையில் நான்காம் நாள் இங்கிலாந்து மீண்டும் மட்டை பிடித்தது.

பிறகு நடந்ததைக் கிரிக்கெட் அறிந்தோர் மறப்பதில்லை. எட்ரிச் சந்திரசேகரின் விரைவுப் பந்தில் ஸ்டம்பை இழந்தார். அவ்வாண்டு டெர்பி பந்தயத்தை வென்ற மில் ரீஃப் என்னும் குதிரையின் பெயரை அந்த விரைவுப் பந்துக்கு நம் ஆட்டக்காரர்கள் சூட்டியிருந்தனர் என்றும், அதை வீசும்படி சர்தேசாய் நினைவூட்டினார் என்றும் கூறுவர். அடுத்து வந்த ஃப்ளெட்சர் ஓட்டமெதுவும் எடாமல் சோல்கரிடம் பிடி கொடுத்தார். முதல் இன்னிங்சில் 90 எடுத்த ஆலன் நாட், வெங்கட்ராகவனின் பந்தை முன்னே தட்ட, மட்டையாளரின் காலடியிலேயே நின்றிருந்த சோல்கர் பாய்ந்து பிடித்தார். தலைக்கவசம் இல்லாத காலம் அது என்பதை நினைவிற் கொள்க. இல்லிங்வொர்த்தும் ஸ்நோவும் சந்திரசேகரிடமே பிடி கொடுத்தனர். இங்கிலாந்து 101 ஓட்டங்களில் முடிந்தது. சந்திரசேகர் 18.1 ஓவர்களில் 38 ஓட்டங்களுக்கு 6 விக்கெட். வெங்கட்ராகவன் 44க்கு 2. பேடி ஓர் ஓட்டத்துக்கு 1.

இனி வேண்டியவை 173. கவாஸ்கர் ஓட்டமின்றி வெளியேறினார். வாடேகர் 45, சர்தேசாய் 40, விஸ்வநாத் 33 எனத் துளித்துளியாகச் சேர்த்தனர். 101 ஓவர்கள் நீடித்தது அந்த ஆட்டம்! இறுதி நாள் ஆட்டம் தொடங்கியதுமே வாடேகர் ரன் அவுட் ஆனபோதும் எவரும் பதற்றங்கொண்டு மட்டையை வீசவில்லை. முடிவில் அபித் அலி ஒரு நான்கு அடிக்க, 6 விக்கெட்டுக்கு 174. இங்கிலாந்து மண்ணில் இந்தியாவின் முதல் டெஸ்ட் வெற்றியும் முதல் தொடர் வெற்றியும் ஒரே அடியில் கிட்டின. அன்று விநாயக சதுர்த்தி. நம்மவர் சிலர் விலங்குக் காட்சிசாலை ஒன்றிலிருந்து பெல்லா என்னும் யானையை ஓவல் மைதானத்துக்கே வரவழைத்திருந்தனர் என்பது அந்த ஆட்டத்தோடு சேர்ந்து நிலைத்துவிட்ட செய்தி.

பிரசன்னாவா, வெங்கட்டா?

சென்னையிலிருந்து வந்த மாணவர்களும் பெங்களூர் நண்பர்களும் சந்தித்தால் எழும் பழைய சச்சரவு ஒன்று உண்டு. இருவரும் ஆஃப் ஸ்பின் வீசுவோர். இருவரும் பொறியியல் பயின்றவர்கள். ஒருவர் மைசூர் மாநிலத்தின் பிரசன்னா, மற்றவர் சென்னையின் வெங்கட்ராகவன். 1971 தொடரின் மூன்று டெஸ்டுகளிலும் ஆடியவர் துணைத் தலைவரான வெங்கட்ராகவனே. பிரசன்னாவுக்கு இடம் கிடைக்கவில்லை. "அநீதி" என்பார் கன்னட நண்பர். "முடிவைப் பாரும்" என்பார் நம்மவர்.

கணக்கைப் பார்த்தால் இரு தரப்பாரும் மகிழலாம். பிரசன்னா 49 டெஸ்டுகளில் 189 விக்கெட் வீழ்த்தியவர். வெங்கட்ராகவன் 57இல் 156. பந்தை மேலே மிதக்கவிட்டு மட்டையாளரை ஏமாற்றுவதில் பிரசன்னாவுக்கு இணை சொல்வது கடினம். ஆனால் 1971இல் தேவைப்பட்டது, மறுமுனையில் சந்திரசேகர் ஓட்டம் கொடுத்தாலும் தம் முனையை இறுக்கிப் பிடிக்கும் துல்லியமும், விக்கெட் அருகே நின்று பந்தைப் பிடிக்கும் கையும், சிறிது மட்டைத் திறமும். அவ்வளவும் வெங்கட்ராகவனிடம் இருந்தன. அத்தொடரில் சந்திரசேகர் 13, வெங்கட்ராகவன் 13, பேடி 11 விக்கெட் எடுத்தனர். ஓவல் இரண்டாம் இன்னிங்சில் இங்கிலாந்தின் மிகுந்த தனி எண்ணிக்கை லக்ஹர்ஸ்ட் எடுத்த 33. ஆட்டப் பட்டியலில் அவர் ஆட்டமிழந்த விதத்தைப் பாருங்கள்: பந்து வீசியவர் சந்திரசேகர், பிடித்தவர் வெங்கட்ராகவன். மைசூர்க் கை வீச, சென்னைக் கை பிடித்தது! சச்சரவிடுவோர் இருவரும் அப்பட்டியலை ஒருமுறை படித்துவிட்டுத் தேநீர் அருந்தலாம்.

நற்பேறு எவ்வளவு?

மூன்றாம் கட்சியாரின் வாதத்தை இப்போது எடுத்துக்கொள்வோம். நற்பேறு இருந்ததை மறைக்க வேண்டியதில்லை. மான்செஸ்டரில் மழை நம்மைக் காத்தது உண்மை. ஓவல் இரண்டாம் இன்னிங்சில் லக்ஹர்ஸ்ட் நேரே அடித்த பந்து சந்திரசேகரின் கையிற் பட்டு மறுமுனை ஸ்டம்பைத் தகர்க்க, முதல் இன்னிங்சில் 82 எடுத்த ஜேம்சன் ரன் அவுட் ஆனதும் உண்மை.

ஆனால் மழை காத்தது தோல்வியிலிருந்துதான். இங்கிலாந்தின் இருபது விக்கெட்டுகளை மழை வீழ்த்தவில்லை. லார்ட்ஸிலும் ஓவலிலும் அந்த இருபதையும் நம் வீச்சாளர்கள் எடுத்தனர். இரண்டு இடங்களிலும் இங்கிலாந்தின் இரண்டாம் இன்னிங்ஸ் 200ஐத் தாண்டவில்லை. ஒருமுறை நடந்தால் நற்பேறு என்று தள்ளலாம்; மூன்று ஆட்டங்களில் இருமுறை நடந்ததை அவ்வாறு தள்ள இயலாது.

அவ்வாறாயின் 1974 ஏன்? அதே வாடேகர், அதே கவாஸ்கர், விஸ்வநாத், அதே சுழற்பந்து நால்வர். மூன்று டெஸ்டுகளும் தோல்வி. லார்ட்ஸில் நம் இரண்டாம் இன்னிங்ஸ் 17 ஓவர்களில் 42 ஓட்டங்களுக்கு முடிந்தது. 1971 வெற்றியைப் போற்றி இந்தூரில் எழுப்பிய கான்கிரீட் மட்டையை 1974இல் சிலர் அலங்கோலப்படுத்தினர். மூன்றாண்டுக்குள் அதே மனிதர்கள் திறமை இழந்துவிட்டனரா?

நாட்காட்டியைப் பாருங்கள். 1974இல் இந்தியாவின் மூன்று டெஸ்டுகளும் ஜூன் 6இலிருந்து ஜூலை முதல் வாரத்துக்குள் ஆடப்பட்டன. கோடையின் முற்பாதி நமக்கு, பிற்பாதி பாகிஸ்தானுக்கு. 1971இல் இருந்த ஏற்பாடு தலைகீழாகிவிட்டது. 1967ஐயும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவ்வாண்டும் முற்பாதி இந்தியாவுக்கு, முடிவு 0-3. பிற்பாதியில் ஆடிய 1971இல் 1-0. மீண்டும் முற்பாதி வந்த 1974இல் 0-3. வேண்டுமென்றே செய்த சோதனைபோல் அமைந்துவிட்டது!

பாகிஸ்தானின் கணக்கில் இவ்வளவு தெளிவு இல்லை. பிற்பாதியில் ஆடிய 1967இல் 0-2. முற்பாதியில் ஆடிய 1971இல் 0-1. பிற்பாதியில் ஆடிய 1974இல் 0-0. காரணம் ஊகிக்கக்கூடியதே. சுழற்பந்தையே பெரிதும் நம்பிய அணி இந்தியா. ஆடுகளத்தின் ஈரமும் வறட்சியும் அதன் வலிமையை ஏற்றவும் இறக்கவும் செய்தன. பாகிஸ்தான் அவ்வாறு ஒரே கலையை நம்பி நிற்கவில்லை.

எனவே மாதம் மட்டுமே எல்லாம் என்று சொல்லிவிடக் கூடாது. 1986இல் கபில் தேவின் தலைமையில் இந்தியா ஜூன் மாதத்திலேயே லார்ட்ஸையும் லீட்ஸையும் வென்றது. லீட்ஸில் இங்கிலாந்தை 102 ஓட்டங்களுக்குச் சுருட்டியவர்களில் முதல்வர் நம் பெங்களூரின் ரோஜர் பின்னி. 40 ஓட்டங்களுக்கு 5 விக்கெட். அவர் வீசியது சுழற்பந்தன்று; தையலைப் பயன்படுத்தும் மிதவேகப் பந்து. ஜூன் கேட்ட கலை அதுவே. ஆகவே விதியை இவ்வாறு கூறலாம்: எளிய அணியிடம் உள்ள ஒரு பெருங்கலையும், அக்கலையைக் கேட்கும் களமும் ஒன்றையொன்று சந்திக்கும்போது வெற்றி வாய்க்கிறது.

மற்ற எளியவர்கள்

இவ்விதி நமக்கு மட்டும் உரியதா என்று பார்ப்போம். 1952இல் டெஸ்ட் களத்துக்கு வந்த பாகிஸ்தான், 1954இல் முதன்முறையாக இங்கிலாந்து சென்றது. தொடரில் பின்தங்கியிருந்த அது, இறுதி டெஸ்டில், ஆகஸ்டில், அதே ஓவலில் 24 ஓட்டங்களில் வென்றது. அங்கே ஈரக் களம். பாசல் மஹ்மூதின் மிதவேகப் பந்துக்கு 99 ஓட்டங்களில் 12 விக்கெட். ஆஸ்திரேலியப் பயணத்துக்குப் புதியவர்களைச் சோதிக்க விரும்பிய இங்கிலாந்து, பெட்ஸரையும் பெய்லியையும் அவ்வாட்டத்தில் நிறுத்திவைத்திருந்தது. எளியவனை எளியவனென்றே எண்ணி அசட்டையாக இருப்பதும் அவனுக்கு ஒரு வாய்ப்பாகிறது.

1979இல் இந்திய அணிக்குத் தலைமை தாங்கிச் சென்றவர் வெங்கட்ராகவன். முதல் டெஸ்டில் பெருந்தோல்வி. ஆனால் இறுதி ஆட்டத்தில், அதே ஓவலில், 438 என்ற இலக்கை நோக்கிக் கவாஸ்கர் 221 ஓட்டங்கள் அடிக்க, இந்தியா 8 விக்கெட்டுக்கு 429 வரை சென்று ஒன்பது ஓட்டங்களில் வெற்றியைத் தவறவிட்டது.

இனி இலங்கை. 1981இல் டெஸ்ட் உரிமை பெற்ற அந்த அணிக்கு இங்கிலாந்து 1984, 1988, 1991, 1998 ஆகிய நான்கு பயணங்களிலும் தலைக்கு ஒரே ஒரு டெஸ்ட் மட்டுமே கொடுத்தது. 1998 ஆகஸ்டு இறுதியில், மீண்டும் ஓவலில், டாஸ் வென்ற ரணதுங்கா எதிரணியை முதலில் ஆடச் சொன்னார். இரண்டு இன்னிங்சுக்கும் இடையே முரளிதரனுக்கு ஓய்வு கிடைக்க வேண்டும் என்பதே அதன் கருத்து. இங்கிலாந்து 445. இலங்கை 591, ஜயசூரியா 213, அரவிந்த டி சில்வா 152. பின்னர் கண்டியில் பிறந்த தமிழரான முரளிதரன் 65 ஓட்டங்களுக்கு 9 விக்கெட் எடுத்தார். எஞ்சிய ஒன்று ரன் அவுட். இரு இன்னிங்சிலும் சேர்த்து 16 விக்கெட். இலங்கைக்குப் பத்து விக்கெட் வெற்றி. அடுத்த பயணமான 2002இல்தான் இலங்கைக்கு மூன்று டெஸ்டுகள் கிட்டின.

2024இல் இலங்கை முதல் இரண்டு டெஸ்டுகளில் தோற்றது. மூன்றாவது, செப்டம்பரில், ஓவலில். பதும் நிசங்க ஆட்டமிழக்காது 127 எடுக்க, எட்டு விக்கெட்டில் வென்றது. அத்தொடர் இரண்டு ஆட்டங்களோடு முடிந்திருந்தால், "இலங்கைக்கு அங்கே என்ன வேலை?" என்று முதற் கட்சியார் கேட்டிருப்பர்.

இதற்கு மாறான சான்றுகளும் உண்டு. 2006 ஜூனில் நாட்டிங்காமில் முரளிதரன் 70 ஓட்டங்களுக்கு 8 விக்கெட் வீழ்த்தி வென்றார். பெருங்கலைஞனுக்கு மாதம் ஒரு தடையாவதில்லை. 2014 ஜூனில் லீட்ஸ் நகரில் மேத்யூஸ் 160 ஓட்டங்கள் அடித்து, ஆட்டத்தின் கடைசிக்கு முந்திய பந்தில் எரங்க ஆண்டர்சனை வீழ்த்த, இலங்கை தொடரையே வென்றது. எனினும் 1954, 1971, 1998, 2024 ஆகிய நான்கு வெற்றிகளும் பருவத்தின் கடைக்கூறில் வந்தவை என்பதை எளிதாக ஒதுக்கிவிட முடியாது. களம் காய்கிறது, வந்தவர் பழகுகிறார், வீட்டுக்காரர் சற்றே அயர்கிறார்.

யாரை, எப்போது அழைக்கிறார்கள்?

முதற் கட்சியாரின் வாதத்துக்கு இங்கே திரும்புவோம். டெஸ்ட் நாடுகளை இரண்டு அடுக்காகப் பிரித்து, வலியவர் வலியவரோடும் எளியவர் எளியவரோடும் ஆடட்டும் என்ற பேச்சு அண்மையில் அடிக்கடி எழுகிறது. அதற்குச் சான்றாக எளிய அணிகளின் இங்கிலாந்துத் தோல்விகளையே காட்டுகிறார்கள்.

ஆனால் அச்சான்று எவ்வாறு உண்டாயிற்று? ஜிம்பாப்வேயின் 2000, 2003, 2025 ஆகிய மூன்று பயணங்களிலும் முதல் டெஸ்ட் மே மாதத்தில். வங்காள தேசத்தின் 2005, 2010 பயணங்கள் இரண்டிலும் முதல் டெஸ்ட் மே மாதத்தில். தலைக்கு இரண்டே டெஸ்டுகள். 2010இல் தமீம் இக்பால் இரண்டு டெஸ்டுகளிலும் நூறு அடித்தார். அதன்பின் 2025 வரையிலும் வங்காள தேசத்துக்கு அங்கே ஒரு டெஸ்டும் கிடைக்கவில்லை. அயர்லாந்துக்கு 2019இல் ஒன்று, 2023இல் ஒன்று. அந்த 2019 ஆட்டத்தின் முதல் நாளே இங்கிலாந்தை 85 ஓட்டங்களுக்கு அயர்லாந்து சுருட்டியது. பின்னர் தான் 38க்குச் சுருண்டு தோற்றது. இரண்டாம் டெஸ்ட் என்று ஒன்று இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அக்கேள்விக்கு இடமே தரப்படவில்லை.

குளிர் மாறாத மாதத்தில் அழைத்து, பழகுமுன் ஆடச் சொல்லி, ஒன்றிரண்டு ஆட்டத்தோடு அனுப்பிவிட்டு, "பார்த்தீர்களா, தகுதியில்லை" என்பது சோதனையின் நெறியன்று. 1932இலிருந்து 1967 வரை 19 ஆட்டங்களில் ஒன்றையும் வெல்லாத இந்தியாவை, 1971இல் "இனி நீங்கள் வர வேண்டா" என்று நிறுத்தியிருந்தால், சந்திரசேகரின் மெலிந்த கை என்ன செய்யும் என்பதை உலகம் அறிந்திருக்குமா? எளிய அணி எப்போதும் வெல்லும் என்று நான் வாதிடவில்லை. பெரும்பாலும் தோற்கவே செய்யும். போதுமான ஆட்டங்களும், மாறி மாறி வரும் மாதங்களும் கொடுத்தபின் தோற்றால், அத்தோல்வி ஓர் அளவுகோல் ஆகும். அவை கொடாதபோது, தோல்வி அளப்பது அழைத்தவரின் ஏற்பாட்டையே.

ஆதலின் நண்பர்களே, அடுத்த முறை இவ்வாதம் எழும்போது மூன்று கேள்விகளை முன்வைப்போம். அந்த அணிக்கு இருபது விக்கெட் எடுக்கும் கலை எது? அது ஆடும் மாதம் அக்கலைக்கு ஏற்றதா? பழகிக்கொள்ள எத்தனை ஆட்டங்கள் கிடைத்தன? இம்மூன்றுக்கும் விடை கண்டபின் சினந்துகொள்வோர் சினந்துகொள்ளலாம்.

நம் சங்கத்தைப் பொறுத்தவரை இது மைதானத்தோடு முடிந்துவிடும் செய்தியன்று. ஓசூர் எல்லையைத் தாண்டி ஆண்டுதோறும் இங்கு வரும் தமிழ் மாணவர்களில், பள்ளி முழுவதும் தமிழ்வழியிற் பயின்றவர் பலர். ஆங்கில விரிவுரையும் புதிய ஊரும் கன்னடப் பேச்சும் ஒருசேர வந்து மோதும் முதற் பருவத்திலேயே அவர்களுடைய மதிப்பெண்ணைப் பார்த்து, "இவனுக்கு இவ்வளவுதான்" என்று தீர்ப்பளிக்கும் வழக்கம் நம்மிடையேயும் உண்டு. அதுவும் மே மாதத்து டெஸ்ட்தான். முதற் பருவத்தில் தடுமாறும் இளையவருக்கு மூத்த மாணவர் ஒருவர் வாரத்தில் இரு மாலைகள் துணையிருந்தால், அது அவருக்கு நாம் ஏற்பாடு செய்துகொடுக்கும் கவுண்டி ஆட்டங்களுக்கு ஒப்பாகும். வரும் பருவத்திலேயே சங்கம் இதைத் தொடங்கலாம்; கணிதத்துக்கும் இயற்பியலுக்கும் என் இரண்டு மாலைகளை இப்போதே எழுதிக்கொள்ளலாம்.